லினக்ஸ் கணினியில் இரண்டு மானிட்டர்: போர்ட் பார்ப்பது முதல் திரை அமைப்பு வரை

கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர் பக்கம் டிடிபி கடைகளிலும் இ-சேவை மையங்களிலும் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸின் வகைகளான மின்ட் அல்லது உபுண்டு போட்டுக் கொடுத்தால், கொஞ்ச நாளில் இரண்டாவது மானிட்டர் பற்றிய கேள்வி வந்துவிடுகிறது. தேவை நியாயமானது. ஒரு திரையில் ஸ்கேன் செய்த பட்டா, இன்னொன்றில் விண்ணப்பப் படிவம். ஒன்றில் வாடிக்கையாளர் எழுதிக் கொடுத்த தாள், இன்னொன்றில் கல்யாணப் பத்திரிகையின் வடிவமைப்பு. ஒரே திரையில் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டு தட்டும்போதுதான் சர்வே எண்ணும் இனிஷியலும் தப்பாகின்றன.

புதிதாகச் செய்பவர்கள் பெரும்பாலும் வரிசையில்தான் தடுக்கி விழுகிறார்கள். மானிட்டரை எப்படியோ மாட்டிவிட்டு நேராக செட்டிங்ஸைத் திறக்கிறார்கள். லினக்ஸ் டெஸ்க்டாப்போ, எந்த மானிட்டர் எந்த போர்ட்டில் இருக்கிறது என்பதைச் சேர்த்தே நினைவில் வைக்கிறது. பிறகு கேபிளை வேறு போர்ட்டுக்கு மாற்றினால், அதுவரை செய்த அமைப்பு போய்விடும். அதனால் வயர் வேலையை முழுதாக முடித்துவிட்டு செட்டிங்ஸுக்குப் போங்கள். கீழே உள்ள படிகள் அந்த வரிசையில்தான் இருக்கின்றன.

1. முதலில் சிபியுவின் பின்பக்கம்

கடைக்குப் போய் கேபிள் வாங்குவதற்கு முன், சிபியுவைத் திருப்பி வைத்து டார்ச் அடித்துப் பாருங்கள். மானிட்டர் போர்ட்டுகள் இரண்டு இடங்களில் இருக்கலாம். யுஎஸ்பி, ஆடியோ, நெட்வொர்க் துளைகளோடு சேர்ந்து இருப்பவை மதர்போர்டின் போர்ட்டுகள். அதற்குக் கீழே, படுக்கைவாட்டில் தனிப் பட்டையில் இருப்பவை கிராபிக்ஸ் கார்டின் போர்ட்டுகள்.

கார்டு இருந்தால், இரண்டு மானிட்டரையும் கார்டில்தான் மாட்ட வேண்டும். ஒன்று கார்டில், இன்னொன்று மதர்போர்டில் என்று மாட்டுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. கார்டு இருப்பது தெரிந்தால் பல மதர்போர்டுகள் தங்கள் கிராபிக்ஸை அணைத்துவிடும். அந்தத் துளையில் எந்தக் கேபிளைச் செருகினாலும் “நோ சிக்னல்”தான் வரும். லினக்ஸில் எதை மாற்றினாலும் பலன் இருக்காது.

இன்னொரு காரணமும் உண்டு. சில பிராசசர்களில் கிராபிக்ஸே கிடையாது. இன்டெல்லில் பெயர் எஃப் என்று முடிந்தால் (ஐ5 12400எஃப் போல) இல்லை. ஏஎம்டியில் ரைசன் 5 3600, 5600 போன்றவற்றிலும் இல்லை. 5600ஜி-யில் உண்டு. கிராபிக்ஸ் இல்லாத பிராசசர் போட்டால், மதர்போர்டில் இருக்கும் எச்டிஎம்ஐ துளை வெறும் துளைதான்.

கார்டு இல்லாமல், மதர்போர்டில் விஜிஏ ஒன்று, எச்டிஎம்ஐ ஒன்று இருக்கிறதா? நல்லது. அலுவலக வேலைக்கு அதுவே போதும். இரண்டும் ஒரே நேரத்தில் தனித்தனி படம் காட்டும்.

மதர்போர்டில் ஒரே ஒரு போர்ட்தான் என்றால் கார்டு வாங்க வேண்டியிருக்கும். சிபியு ஒல்லியான பெட்டியாக இருந்தால் குட்டைப் பட்டையோடு வரும் லோ புரொஃபைல் கார்டைக் கேட்டு வாங்குங்கள். சாதாரணக் கார்டு அதில் உட்காராது.

2. கேபிளும் கன்வெர்ட்டரும்

இந்தப் படியில்தான் பணம் வீணாகிறது. அவசரப்படாதீர்கள்.

முதல் எச்சரிக்கை ஸ்ப்ளிட்டர் பற்றி. “இரண்டு மானிட்டர் மாட்டணும்” என்று கடையில் கேட்டால், ஒய் வடிவத்தில் பிரியும் விஜிஏ கேபிளையோ சின்ன எச்டிஎம்ஐ ஸ்ப்ளிட்டர் பெட்டியையோ எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். அது ஒரே படத்தை இரண்டு இடத்தில் காட்டும், அவ்வளவுதான். கணினியைப் பொறுத்தவரை ஒரு மானிட்டர்தான் இருக்கிறது. செட்டிங்ஸில் இரண்டாவது திரை தோன்றவே தோன்றாது. தனித்தனி படம் வேண்டுமானால் சிபியுவிலிருந்து இரண்டு கேபிள்கள் தனித்தனித் துளைகளிலிருந்து புறப்பட வேண்டும்.

அடுத்தது கன்வெர்ட்டரின் திசை. பெரும்பாலானவை ஒரு பக்கமாக மட்டுமே வேலை செய்யும்.

எச்டிஎம்ஐ-யிலிருந்து விஜிஏ: சிபியுவில் எச்டிஎம்ஐ, மானிட்டரில் விஜிஏ இருந்தால் இது. எச்டிஎம்ஐ டிஜிட்டல், விஜிஏ அனலாக். அதனால் உள்ளே சிப் உள்ள கன்வெர்ட்டர் வேண்டும். சிப் இல்லாத வெறும் கேபிள் மலிவாகக் கிடைக்கும், படம் வராது.

விஜிஏ-யிலிருந்து எச்டிஎம்ஐ: சிபியுவில் விஜிஏ, மானிட்டரில் எச்டிஎம்ஐ மட்டும் என்றால். இது வேறு பொருள். பெரும்பாலும் யுஎஸ்பி வழியே மின்சாரம் கொடுக்க வேண்டும்.

டிஸ்ப்ளேபோர்ட்டிலிருந்து எச்டிஎம்ஐ: சிபியுவில் டிஸ்ப்ளேபோர்ட் இருந்தால் சாதாரணக் கேபிளே போதும். இதையே தலைகீழாக, எச்டிஎம்ஐ சிபியுவிலிருந்து டிஸ்ப்ளேபோர்ட் மானிட்டருக்கு மாட்டினால் வேலை செய்யாது. இரண்டு முனையும் பொருந்துகிறதே என்று ஏமாந்துவிட வேண்டாம்.

டிவிஐ: துளையில் தட்டையான பின்னைச் சுற்றி நான்கு சின்னத் துளைகள் இருந்தால் அதில் அனலாக்கும் வரும். விஜிஏ-வுக்கு மாற்றும் சாதாரண முனை போதும். அந்த நான்கு துளைகள் இல்லாவிட்டால் அது டிவிஐ-டி. அந்த முனை அதில் நுழையாது. வளைத்துத் திணிக்காதீர்கள்.

வாங்கப் போகும்போது சிபியுவின் பின்பக்கத்தையும் இரண்டு மானிட்டர்களின் பின்பக்கத்தையும் ஃபோனில் படம் எடுத்துக்கொண்டு போங்கள். வாயால் விளக்குவதைவிடப் படத்தைக் காட்டுவது பிழையில்லாதது. முடிந்தவரை கன்வெர்ட்டரே இல்லாத வழியைத் தேடுங்கள். நடுவில் வரும் ஒவ்வொரு பொருளும் பிறகு சந்தேகப்பட வேண்டிய இன்னொரு இடம்.

நாகப்பட்டினம், வேதாரண்யம் போன்ற கரையோர ஊர்களில் பழைய விஜிஏ கேபிளை மறுபடி பயன்படுத்துவதற்கு முன் முனைகளைப் பாருங்கள். உப்புக் காற்றில் பச்சை பூத்திருந்தால் கான்டாக்ட் கிளீனர் அடித்துத் துடைக்கலாம். பின் வளைந்திருந்தால் புதுசு வாங்கிவிடுவதே நல்லது.

3. மின்சாரம், எர்த்

கேபிள் மாட்டுவதற்கு முன் எல்லாவற்றையும் அணைத்து, சுவரிலும் சுவிட்சை அணையுங்கள். எச்டிஎம்ஐ-யை ஓடும்போதே மாட்டலாம் என்பது உண்மைதான். ஆனால் எர்த் சரியில்லாத கடைகளில் சிபியு பெட்டியைத் தொட்டாலே விறுவிறுவென்று இருக்கும். அந்தக் கசிவு கேபிள் வழியே போனால் போர்ட் கருகிப்போக வாய்ப்பு உண்டு. அப்படி விறுவிறுக்கும் இடத்தில், மானிட்டர் வேலையை நிறுத்திவிட்டு முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சரிசெய்யச் சொல்லுங்கள்.

சிபியுவும் இரண்டு மானிட்டர்களும் ஒரே இணைப்பிலிருந்து மின்சாரம் எடுக்கட்டும். ஒன்று யுபிஎஸ்ஸிலும் இன்னொன்று வேறு சுவரிலும் இருந்தால் இரண்டு எர்த்துக்கும் இடையில் வித்தியாசம் இருக்கலாம். தவிர, கரன்ட் போனதும் ஒரு திரை மட்டும் அணைந்து, அதிலிருந்த ஜன்னல்கள் இன்னொன்றுக்குத் தாவிக் குவியும்.

கூடுதல் மானிட்டரால் யுபிஎஸ் திணறுமோ என்று பயப்பட வேண்டாம். 22 அங்குல எல்இடி மானிட்டர் ஏறக்குறைய 20 முதல் 25 வாட்தான் எடுக்கும். யுபிஎஸ்ஸின் பேட்டரித் துளையில் லேசர் பிரிண்டரை மாட்டியிருந்தால் அதை முதலில் கழற்றுங்கள். யுபிஎஸ்ஸைச் சாய்ப்பது அதுதான்.

4. ஒவ்வொன்றாகச் சோதித்துப் பாருங்கள்

இரண்டையும் சேர்த்து மாட்டாதீர்கள். முதல் மானிட்டரை அதன் கேபிளோடு, அது நிரந்தரமாக இருக்கப்போகும் போர்ட்டில் மாட்டி, கணினியை ஆன் செய்து டெஸ்க்டாப் வரை போங்கள். பிறகு ஷட்டவுன் செய்து அதைக் கழற்றி, இரண்டாவதைத் தனியாக அதன் போர்ட்டில் மாட்டி அதேபோல் பாருங்கள்.

படம் வரவில்லை என்றால் காரணம் மூன்றில் ஒன்று: போர்ட், கேபிள், மானிட்டர். தனியாகச் சோதிக்கும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்து எது என்று கண்டுபிடித்துவிடலாம்.

“அண்ணே, நோ சிக்னல்னே வருது” என்று ஃபோன் வந்தால் நான் முதலில் கேட்பது மானிட்டரின் சோர்ஸ் பட்டனைப் பற்றித்தான். விஜிஏ, எச்டிஎம்ஐ இரண்டும் உள்ள மானிட்டர் பழைய விஜிஏ-யிலேயே நின்றுகொண்டிருக்கலாம். மானிட்டரின் மெனுவில் இன்புட்டை மாற்றினால் படம் வந்துவிடும்.

இரண்டும் தனித்தனியே வேலை செய்தால் இப்போது இரண்டையும் மாட்டி ஆன் செய்யுங்கள். கம்பெனி லோகோ ஒரு திரையில் மட்டும் வந்து, இன்னொன்று டெஸ்க்டாப் வரும்வரை கறுப்பாக இருக்கலாம். அது கோளாறு இல்லை. லோகோ எதில் வருகிறது என்று மட்டும் கவனியுங்கள். நீங்கள் முதன்மையாக வைத்திருக்க நினைக்கும் மானிட்டரில் அது வரவில்லை என்றால், போர்ட்டுகளை மாற்றிக்கொள்ள இதுவே நேரம். லாகின் திரை உங்கள் கணக்கின் அமைப்பைப் படிப்பதில்லை. பயாஸ் (லினக்ஸ் தொடங்குவதற்கு முன் வரும் அமைப்பு) காட்டும் திரையும் லாகின் பெட்டியும் உங்கள் முன்னால் வர வேண்டுமானால் கேபிள் மாற்றுவதுதான் எளிய வழி.

5. டிரைவர்

இன்டெல், ஏஎம்டி கிராபிக்ஸ் என்றால் நேராக இந்தப் படியின் கடைசிப் பத்திக்குப் போய்விடுங்கள். அவற்றுக்கு வேண்டியது லினக்ஸோடு சேர்ந்தே வருகிறது. இணையத்தில் தேடி எதையும் இறக்க வேண்டாம்.

என்விடியா கார்டு என்றால், நூவோ என்ற திறந்தமூல டிரைவரில்தான் முதலில் ஓடும். இரண்டு திரையும் தெளிவாக, முழு அளவில் வந்துவிட்டால் அப்படியே விட்டுவிடலாம் என்பது என் கருத்து. படிவம் நிரப்பும் வேலைக்கு அது போதும். திரை நடுங்கினாலோ, இரண்டாவது வராவிட்டாலோ என்விடியாவின் சொந்த டிரைவரைப் போடுங்கள். மின்ட்டில் டிரைவர் மேனேஜர், உபுண்டுவில் அடிஷனல் டிரைவர்ஸ். பட்டியலில் ரெகமெண்டட் என்று இருப்பதையே தேர்ந்தெடுங்கள். எண் பெரிதாக இருப்பது உங்கள் கார்டுக்குப் பொருந்தும் என்று அர்த்தமில்லை. டிடிபி கடைகளில் இருக்கும் ஜிடி 710 கார்டுக்கு 470 வரிசைதான் கடைசி. அதற்குப் பிந்தையவை அதை ஆதரிப்பதில்லை.

செக்யூர் பூட் (கையொப்பமில்லாத டிரைவரை ஓடவிடாத பாதுகாப்பு அமைப்பு) ஆனில் இருந்தால், டிரைவர் நிறுவும்போது ஒரு பாஸ்வேர்டு கேட்கும். அதை ஒரு தாளில் எழுதி வையுங்கள். அடுத்த முறை ஆன் ஆகும்போது நீல நிறத் திரை ஒன்று வரும். அதில் என்ரோல் எம்ஓகே என்பதைத் தேர்ந்து அந்த பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டும். பலர் இது ஏதோ எரர் என்று நினைத்து கன்டினியூ பூட்டை அழுத்திவிடுகிறார்கள். அப்புறம் டிரைவர் நிறுவியதாகக் காட்டும், ஆனால் ஓடாது. ஒரே திரை, அதுவும் மங்கலான அளவில் வரும். அப்படி ஆகிவிட்டால் டிரைவரை நீக்கி மறுபடி நிறுவி, இந்த முறை நீலத் திரையில் நிதானமாகப் பதில் சொல்லுங்கள்.

கணினி இரண்டையும் பார்க்கிறதா என்று மின்ட்டில் உறுதிசெய்ய, டெர்மினலை (கட்டளை தட்டும் ஜன்னல்) திறந்து எக்ஸ்ரேண்டர் என்ற கட்டளையைத் தட்டுங்கள். ஃபோனில் சொல்வதுபோல் எழுத்தாகச் சொல்கிறேன்: எக்ஸ், ஆர், ஏ, என், டி, ஆர். எல்லாம் சின்ன எழுத்து, இடைவெளி இல்லை. வரும் பட்டியலில் கனெக்டெட் என்று இரண்டு வரிகள் இருக்க வேண்டும். ஒரு வரிதான் என்றால் செட்டிங்ஸுக்குப் போய்ப் பயனில்லை. நான்காவது படிக்குத் திரும்புங்கள்.

6. டிஸ்ப்ளே செட்டிங்ஸ்

மின்ட்டில் சிஸ்டம் செட்டிங்ஸ், அதில் டிஸ்ப்ளே. உபுண்டுவில் செட்டிங்ஸ், அதில் டிஸ்ப்ளேஸ். இரண்டு மானிட்டர்களும் இரண்டு செவ்வகங்களாகத் தெரியும்.

முதலில் முடிவு செய்ய வேண்டியது: இரண்டும் சேர்ந்து ஒரே நீளத் திரையா, அல்லது ஒன்றில் இருப்பதையே இன்னொன்றும் காட்ட வேண்டுமா? உபுண்டுவில் முதலாவது ஜாயின், இரண்டாவது மிரர்.

பத்திரிகை அடிக்கும் கடையில் இரண்டாவது மானிட்டரை மேசைக்கு எதிர்ப்பக்கம், வாடிக்கையாளரைப் பார்த்து வைப்பவர்களுக்கு மிரர்தான் சரி. பெயர், இனிஷியல், முகூர்த்த நேரம் எல்லாவற்றையும் அவர்கள் உட்கார்ந்த இடத்திலேயே படித்துப் பார்த்துச் சொல்லலாம். ஆனால் மிரரில் இரண்டு திரைக்கும் பொதுவான அளவுதான் கிடைக்கும். பழைய 18.5 அங்குல மானிட்டர் 1366க்கு 768 புள்ளிகள் என்றால் உங்கள் 1920க்கு 1080 திரையும் அதற்கு இறங்கி வரும், எழுத்து மங்கும். இரண்டும் ஒரே அளவாக இருந்தால்தான் மிரர் நன்றாக இருக்கும்.

இ-சேவை மையத்தில் மிரரை நான் கட்டாயம் வேண்டாம் என்பேன். ஒருவருடைய ஆதாரும் வங்கிக் கணக்கும் வரிசையில் நிற்கும் அடுத்தவர் கண்ணில் படக்கூடாது. அங்கே ஜாயின் போட்டு, இரண்டு திரையும் உங்கள் பக்கம் இருக்கட்டும்.

ஜாயின் என்றால் அடுத்த வேலைகளை இந்த வரிசையில் செய்யுங்கள்.

முதலில் ஒவ்வொன்றுக்கும் ரெசல்யூஷன், அதாவது திரையின் புள்ளி அளவு. மானிட்டரின் சொந்த அளவைக் கொடுங்கள். எல்சிடி திரையில் அதைத் தவிர எதுவும் கூர்மையாக இருக்காது. பட்டியலில் 1024க்கு 768-க்கு மேல் எதுவுமே இல்லை என்றால் சந்தேகம் விஜிஏ கேபிள்மேல் வர வேண்டும். மானிட்டர் தன் அளவைக் கணினிக்குச் சொல்வது அந்தக் கேபிளில் உள்ள சில பின்கள் வழியாகத்தான். மலிவான கேபிள்களில் அவை இல்லாமலே இருக்கும். கேபிளை மாற்றினால் முழுப் பட்டியலும் வந்துவிடும்.

பிறகுதான் செவ்வகங்களை இழுத்து வைப்பது. மேசையில் எது இடப்பக்கம் இருக்கிறதோ அதை இங்கேயும் இடப்பக்கம் வையுங்கள். மாறியிருந்தால் மவுஸ் வலப்பக்கம் போனால் இடப்பக்கத் திரையில் எட்டிப்பார்க்கும். இரண்டும் வேறு வேறு உயரம் என்றால் கீழ் விளிம்பையோ மேல் விளிம்பையோ மேசையில் இருக்கிறபடி ஒட்டவையுங்கள். அளவு பொருந்தாத மூலையில் மவுஸ் சுவரில் முட்டியதுபோல் நிற்கும். அது பழுது இல்லை, அந்த இடத்தில் பக்கத்தில் திரை இல்லை என்பதால் நிற்கிறது. ரெசல்யூஷனை முதலில் முடிக்கச் சொன்னது இதற்காகத்தான்: அளவு மாறினால் செவ்வகமும் மாறும், இழுத்து வைத்தது கலையும்.

அடுத்து பிரைமரி எது என்று தேர்ந்தெடுங்கள். பேனல் என்ற பட்டியும் மெனுவும் அதில்தான் வரும். நேர் எதிரே இருக்கும் திரையைப் பிரைமரியாக வையுங்கள்.

ஸ்டாண்டு சுழலக்கூடியது என்றால் ஒரு மானிட்டரை நெட்டுக்குத்தாக வைத்துப் பாருங்கள். ரொட்டேஷன் அல்லது ஓரியன்டேஷனில் மாற்றலாம். ஏ4 பக்கம் முழுதும் ஒரே பார்வையில் தெரியும். கையெழுத்துப் படியைப் பார்த்துத் தட்டுபவர்களுக்கு இதைவிட வசதி வேறில்லை.

கடைசியாக அப்ளை. “இதை வைத்துக்கொள்ளவா” என்று சில விநாடிகளுக்கு ஒரு பெட்டி வரும். கீப் என்று அழுத்தாவிட்டால் பழையபடி மாறிவிடும். திரை கறுத்துவிட்டால் எதையும் அழுத்தாமல் காத்திருங்கள், தானாகவே திரும்பும்.

ஒரு மானிட்டர் 4கே, இன்னொன்று சாதாரணமானது என்றால் ஸ்கேல் (எழுத்தையும் படங்களையும் பெரிதாக்கும் அளவு) இரண்டுக்கும் தனித்தனியே தேவைப்படும். திரையில் படம் வரைய லினக்ஸில் வேலண்ட், எக்ஸ் என்று இரண்டு முறைகள் உண்டு. இதற்கு உபுண்டுவின் வேலண்ட் அமர்வே நன்றாக வேலை செய்யும். மின்ட்டின் வழக்கமான எக்ஸ் அமர்வில் இரண்டு வேறு ஸ்கேல் போட்டால் எழுத்து மங்குவதைத் தவிர்ப்பது கடினம்.

7. அன்றாட வேலைக்கு

உபுண்டுவில் ஒர்க்ஸ்பேஸ் (ஜன்னல்களைப் பிரித்து வைக்கும் தனித்தனி டெஸ்க்டாப்) மாற்றினால் பிரைமரி திரை மட்டும்தான் மாறும், இரண்டாவது அப்படியே நிற்கும். மல்டிடாஸ்கிங் அமைப்பில் எல்லா டிஸ்ப்ளேயும் என்று மாற்றிக்கொள்ளலாம். நான் மாற்றுவதில்லை: பட்டா ஒரு திரையில் நிலையாக நிற்பது நல்லதுதான். மின்ட்டில் இரண்டாவது திரையிலும் பேனல் வேண்டுமானால், இருக்கும் பேனலில் ரைட் கிளிக் செய்து புதிய பேனல் சேர்க்கலாம்.

இரண்டு சுருக்கு விசைகள் போதும். விண்டோஸ் படம் போட்ட விசையோடு ஷிஃப்ட்டும் இட அல்லது வல அம்புக்குறியும் அழுத்தினால், ஜன்னல் அடுத்த திரைக்குத் தாவும். அதே விண்டோஸ் விசையோடு பி அழுத்தினால் ஜாயின், மிரர் என்று மாறிக்கொண்டே வரும். யாராவது தெரியாமல் இதை அழுத்திவிட்டுத்தான் “ஒரு திரை போயிடுச்சு” என்பார்கள். மறுபடி அழுத்தினால் திரும்பிவிடும்.

8. பிறகு வரும் சிக்கல்கள்

ஸ்பீக்கரில் சத்தம் வரவில்லை: எச்டிஎம்ஐ மானிட்டர் மாட்டியதும் ஒலி அந்த வழிக்கு மாறியிருக்கும். மானிட்டரில் ஸ்பீக்கர் இல்லாவிட்டால் எதுவும் கேட்காது. சவுண்ட் செட்டிங்ஸில் அவுட்புட்டைப் பழைய இடத்துக்கு மாற்றுங்கள்.

டிவியை இரண்டாவது திரையாக வைத்தால் ஓரங்கள் வெட்டுப்படும்: லினக்ஸில் தேடாதீர்கள். டிவியின் பட மெனுவில் ஜஸ்ட் ஸ்கேன், ஸ்க்ரீன் ஃபிட் போன்ற பெயரில் இருக்கும்.

விஜிஏ மானிட்டரில் எழுத்து நிழலடிக்கிறது: திரை நிறைய எழுத்துள்ள பக்கத்தைத் திறந்துவைத்து, மானிட்டரின் ஆட்டோ பட்டனை அழுத்துங்கள். கேபிள் மிக நீளமானது என்றாலும் நிழல் வரும்.

இரண்டு திரையிலும் நிறம் ஒன்றாக இல்லை: விஜிஏ ஒன்று, எச்டிஎம்ஐ ஒன்று என்றால் முழுவதுமாக ஒன்றாக்க முடியாது. அச்சுக்குப் போகும் வேலையில் நிறத்தை முடிவு செய்ய ஒரே ஒரு திரையை வைத்துக்கொள்ளுங்கள். டிஜிட்டல் கேபிளில் இருப்பதாக அது இருக்கட்டும். வாடிக்கையாளரிடமும் அந்தத் திரையிலேயே ஒப்புதல் வாங்குங்கள்.

அமைப்பு குழம்பி, எதுவும் சரியாக வரவில்லை: ஹோம் ஃபோல்டரைத் திறந்து கன்ட்ரோலும் எச்-உம் அழுத்தினால் மறைந்திருக்கும் ஃபோல்டர்கள் தெரியும். அதில் புள்ளியில் தொடங்கும் கான்ஃபிக் ஃபோல்டருக்குள் போங்கள். உபுண்டுவில் மானிட்டர்ஸ் என்ற பெயரிலும், மின்ட்டில் அதற்கு முன்னால் சின்னமன் (மின்ட் டெஸ்க்டாப்பின் பெயர்) சேர்ந்தும் ஒரு எக்ஸ்எம்எல் கோப்பு இருக்கும். அதை அழிக்காமல் பெயரை மட்டும் மாற்றிவிட்டு லாக்அவுட் செய்து திரும்பி வாருங்கள். புதிதாக மாட்டியதுபோல் தொடங்கும். ஆறாவது படியிலிருந்து மறுபடி செய்தால் போதும், கேபிளைத் தொட வேண்டியதில்லை.